நெலிதா தின்னாத மாத்திரைகள்

நெலிதாவை மண்ணுக்குள் வைத்து இன்றோடு ஐந்தாம் நாள்.

போன வாரம் நாம் அழுதுகொண்டே கதையை விட்ட இடம் அதுதான். எட்டாம் மாதத்திலேயே திடீரென்று வலி எடுத்து, வீட்டிலேயே ஆண் பிள்ளையைப் பெற்று, ரத்தம் நிற்காமல் போக, கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு தார் ரோட்டை நோக்கி ஓடினார்கள். ரோட்டைப் பார்க்கிற தூரத்தில் அவள் போய்விட்டாள். இருபத்தாறு வயசு. என்ன செய்ய, பிள்ளை மட்டும் மிஞ்சியது. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

புருஷன் லியோன்சியோ அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவனைச் சின்ன வயசிலிருந்து தூக்கி வளர்த்த அக்கா செனோபியாதான் இப்போது அவன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்? கட்டினவன் கடலோரத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன், பன்னிரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. பெற்ற ஒன்றும் கண்ணைத் திறக்கவில்லை. தம்பி வீடுதான் அவள் வீடு.

ஐந்தாம் நாள் துணி அலச வேண்டும். செத்தவர் உடுத்தியது ஒன்றுகூட அழுக்கோடு வீட்டில் தங்கக்கூடாது. இந்த மலையூர் வயாபம்பாவில் பெற்றவர்கள் அதைத் தொட மாட்டார்கள். புகுந்த வீட்டுப் பெண்தான் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். செனோபியா விடியலிலேயே மூட்டை கட்டிவிட்டாள்.

லியோன்சியோ அடுப்பு ஓரத்தில் உட்கார்ந்து நெலிதாவின் ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். எத்தனை தடவை படித்தாலும் அதில் அவள் பெயர்தான் இருந்தது.

“அக்கா, அந்த நர்ஸ் இன்னைக்கு வந்தா கதவைத் தெறக்காத.”

“பிள்ளையைப் பாக்கத்தானேடா வர்றா.”

“பிள்ளையோட அம்மாவைப் பாத்த லட்சணம் போதாதா? மாசாமாசம் கூப்பிட்டுக் கை நெறைய மாத்திரை குடுத்தா. அதைத் தின்னுதின்னுதான் இவ ரத்தமே தண்ணியாப் போச்சு. தண்ணி நிக்குமா? ஓடிருச்சு.”

செனோபியா மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“நாலு மணிக்குக் கூட்டம். தலைவர் தீர்மானம் எழுதிட்டாரு. அந்த நர்ஸை இந்த ஊரை விட்டுத் தூக்கணும்னு ஊரே கைநாட்டு வைக்குது. நீயும் வரணும். வீட்டுப் பொம்பளை நீ ஒருத்திதான் சாட்சி.”

“வரேன்” என்றாள். வேறு என்ன சொல்வாள்?

பக்கத்து வீட்டுக் கசிமிரா பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தாள். அவளுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை இருந்தது. ஐந்து நாளாக அவள்தான் ரெண்டு பேருக்கும் தாய். மனசு தங்கம், வாய் மட்டும் ஊர் முழுக்கப் போகும்.

“வாங்க மதினி, நானும் ஆத்துக்கு வரேன். தனியாப் போயி அழுது ஆத்துலயே விழுந்துடாதீங்க. அப்புறம் உங்க துணியையும் நான்தான் துவைக்கணும்.”

ஆற்றுத் தண்ணீர் கையைக் கடித்தது. கசிமிரா மேட்டில் வெயில் விழுந்த பாறையாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு பக்கம் தன் மகளையும் ஒரு பக்கம் நெலிதாவின் பிள்ளையையும் போட்டுக்கொண்டாள். செனோபியா முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக அலசினாள். மேல்சட்டை. தலைத்துணி. வயிறு பெருத்த பிறகு இடுப்பில் முடிய முடியாமல் கயிறு வைத்துக் கட்டிய பாவாடை. அந்தக் கயிற்றைப் பார்த்ததும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அழுதுகொண்டே சோப்புப் போட்டாள்.

“மதினி, இவன் ரெண்டு சப்பு சப்புறான், தூங்கிடுறான்” என்று மேலேயிருந்து கசிமிரா கத்தினாள். “என் மகளா இருந்தா இந்நேரம் என்னையே முழுங்கியிருப்பா.”

“கொறைமாசப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்.”

“இருக்கும் இருக்கும். ஆனா ரொம்ப வெளுப்பா இருக்கானே? நம்ம சாதியில இவ்வளவு வெள்ளைப் பிள்ளை எங்க பொறந்துச்சு?”

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். செனோபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

திருவிழாப் பாவாடையை எடுத்தாள். உள்மடிப்பில் ஏதோ கனமாக இருந்தது. தையலைத் தடவிப் பார்த்தாள். வெளியே தெரியாமல் ஒரு பை. நெலிதாவின் தையல்தான். அவள் ஊசி போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பல்லால் கடித்து நூலை அறுத்தாள் செனோபியா. உள்ளே நைலான் பை, பைக்குள் சிவப்புக் கம்பளி நூலால் கட்டிய பட்டைகள். மாத்திரைப் பட்டைகள்.

ஒரு பட்டையில் மட்டும் ஐந்து குழி காலி. மற்றவையெல்லாம் கொடுத்தது கொடுத்தபடியே இருந்தன.

செனோபியா பட்டைகளை மறுபடி எண்ணினாள்.

ஐந்து நாளாக அவள் தனக்குத்தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அவள் கேட்டிருக்க மாட்டாள். சின்னப் பெண், நர்ஸுக்குப் பயந்து தின்றிருப்பாள். தம்பி சொல்வது போல மாத்திரைதான் ஏதோ செய்திருக்கும். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவளால் தூங்க முடிந்தது. இப்போது அந்தச் சமாதானமும் கைவிட்டுப் போய்விட்டது.

நாலாம் மாதத்தில் ஒரு நாள் அடுப்படியில் வந்து நின்றாள் நெலிதா. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“மதினி, இந்த மாத்திரையைத் தின்னா வாயில பழைய ஆணியைச் சப்புன மாதிரி இருக்கு. வெளிக்கும் கறுப்பாப் போவுது. உள்ள பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?”

செனோபியா அடுப்பிலிருந்து திரும்பினாள். அவளுக்கும் அந்தக் காலத்தில் இதே மாத்திரைதான் கொடுத்தார்கள். தவறாமல் தின்றாள். பிள்ளை வயிற்றில் பெரிதாக வளர்ந்து, வெளியே வர முடியாமல், ரெண்டு நாள் துடித்து, நகரத்துக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்து எடுத்தபோது மூச்சில்லை. மாத்திரை பிள்ளையைப் பெருக்க வைத்துவிட்டது என்று அன்று மனசில் விழுந்த முடிச்சு, பதினாலு வருஷமாக அவிழவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. அந்தத் துக்கத்தை எடுத்து வைத்துப் பேசுகிற தைரியம் அவளுக்கு இருந்ததில்லை.

“தின்னாதடி” என்றாள். “பிள்ளை ஊதிப் போயிடும். என் வயித்தைப் பாத்திருக்கேல்ல? மாசாமாசம் போயி வாங்கிக்க. வேண்டாம்னு சொன்னா நர்ஸ் வீட்டுக்கே வந்து கத்துவா. தின்னேன்னு சொல்லு. தின்னாத.”

“அப்ப ரத்தத்துக்கு? கொறைச்சலா இருக்குன்னாங்களே.”

“ரத்தத்துக்கு நான் இருக்கேன்டி.”

இருந்தாள். ஒரு நாள் தவறாமல் இருந்தாள். ஆட்டுத்தலை வேகவைத்தால் மேலாகத் தெளிந்த முதல் கரண்டிச் சாறு நெலிதாவுக்குத்தான். சாறில்தான் எல்லாச் சத்தும் இறங்கியிருக்கும், சக்கை ஆம்பிளைகளுக்கு, வயிறு நிறைய வேண்டுமே என்று கறித் துண்டை லியோன்சியோவுக்கும் கிழங்கு தோண்ட வந்தவர்களுக்கும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் நெலிதாவுக்குச் சூடாகக் கறுப்பு டீ, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை தூக்கலாக. யாரும் குறை சொல்ல முடியாது. பெற்ற மகளுக்குக்கூட அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டாள்.

நர்ஸ் இதைப் பற்றிச் சொல்லத்தான் செய்தாள். தாய்மார் கூட்டத்தில் அடுப்பு மூட்டி, கோழி ரத்தத்தில் வெங்காயம் போட்டுப் பொரித்துக் காட்டினாள். “சாறு வயித்தைத்தான் நெரப்பும். சத்து துண்டுல இருக்கு. ஈரல்ல, ரத்தத்துல. பயறு சாப்பிட்டா கூட ஒரு ஆரஞ்சுப் பழம் தின்னுங்க, அப்பத்தான் ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, தின்ன இரும்பை அது தூக்கிட்டுப் போயிடும்” என்றாள். உடனே கசிமிரா, “இரும்புதானே வேணும்? வீட்ல மண்வெட்டி இருக்கு, நக்கிக்கிறோம் நர்சம்மா!” என்றாள். கூட்டமே உருண்டு சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது செனோபியாதான்.

அந்தச் சிரிப்பை நினைத்து இப்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள். விட்டால் போதும். ஆறு கொண்டுபோய்விடும். தம்பி தம்பியாகவே இருப்பான், பிள்ளை அவள் மடியிலேயே வளரும். யாருக்குத் தெரியும்? செத்தவள் வந்து சொல்லப் போகிறாளா?

“மதினி, என்ன அது கையில?”

“ஒண்ணுமில்ல. ஊசி நூலு.”

பை ரவிக்கைக்குள் போனது. நனைந்த நைலான் நெஞ்சில் ஜில்லென்று ஒட்டிக்கொண்டது.

திரும்பி வரும் வழியில், கல் சுவருக்குப் பின்னால் நர்ஸ் ரொசியோ நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் லியோன்சியோ விட மாட்டான் என்று தெரிந்துதான் ஒளிந்து நின்றாள். முப்பதுகூட ஆகவில்லை, கடலோரத்துக்காரி, மூன்று வருஷமாக இந்தக் குளிரில் கிடக்கிறாள். கண் வீங்கியிருந்தது.

“செனோபியாக்கா, ரெண்டே நிமிஷம். பிள்ளையை மட்டும் பாத்துக்கிறேன்.”

“தம்பி கூடாதுன்னுட்டான்மா.”

கசிமிரா முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நான் ஒண்ணையும் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றபடியே பிள்ளையைக் கையோடு நர்ஸிடம் நீட்டினாள்.

ரொசியோ துணியை விலக்கி உள்ளங்கையைப் பார்த்தாள். கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தாள். அந்த இடம் சிவந்திருக்க வேண்டும். தாள் மாதிரி வெளுத்திருந்தது. மார்பில் குழாயை வைத்துக் கேட்டாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி கேட்டாள்.

“அக்கா, இவனை இன்னைக்கே நகரத்துக்குக் கொண்டுபோகணும்.”

“பால் குடிக்கிறானே.”

“குடிக்கத் தெம்பில்லாமத்தான் தூங்கிடுறான். கேளுங்க. வயித்துல இருக்கிற பிள்ளை கடைசி மாசங்கள்லதான் அம்மாகிட்ட இருந்து இரும்பை வாங்கிச் சேத்து வச்சுக்கும். இவன் அதுக்கு முன்னாடியே வந்துட்டான். அம்மாகிட்டயும் குடுக்க ஒண்ணுமில்ல. இவனுக்குன்னு சேமிப்பே கெடையாதுக்கா. ரத்தம் ஏத்த வேண்டியிருக்கலாம். அஞ்சு மணிக்கு ஆம்புலன்ஸ் இந்த வழியா எறங்குது, நிறுத்தச் சொல்லிட்டேன். ஆனா அப்பன் கையெழுத்துப் போடணும்.”

“போட மாட்டான்.”

“தெரியும்.” ரொசியோ பிள்ளையை நல்லாச் சுற்றிக் கொடுத்தாள். பிறகு குரல் உடைந்து கேட்டாள்: “அக்கா, உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நெலிதா மாத்திரையைத் தின்னாளா? ஒவ்வொரு மாசமும் கேட்டேன், தின்னேன்னா. நானும் அட்டையில டிக் போட்டேன். ஆனா ரத்தம் ஏறவே இல்ல. தின்னும் ஏறலைன்னா வேற ஏதோ வியாதி, நான்தான் கண்டுபிடிக்காம விட்டுட்டேன். முன்னாடியே நகரத்துக்கு அனுப்பியிருந்தா பொழைச்சிருப்பா. மத்த பொம்பளைங்க தாங்குற ரத்தப்போக்குதான் அது. அவ உடம்புல இருப்பு இல்ல, தாங்கல. நான் அவளைக் கொன்னுட்டேனாக்கா?”

நெஞ்சில் பை அழுத்தியது. செனோபியா வாயைத் திறந்தாள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள்.

சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய பொய்யை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை, அதுவும் அழுகிற ஒருத்தியிடம்.

வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். விரலை அவன் உள்ளங்கையில் வைத்தாள். பிள்ளைகள் பட்டென்று பிடித்துக்கொள்ளுமே, அந்தப் பிடி இல்லை. விரல்கள் மூடப் பார்த்தன, பாதியில் நின்றுவிட்டன.

“பிடிச்சுக்கடா ராசா” என்றாள். “அத்தை விரலைப் பிடிச்சுக்க.”

அவன் பிடிக்கவில்லை.

பொதுக்கூடத்தில் உட்கார இடமில்லை. குளிர் தாங்கக் கோக்கா இலையை மென்றபடி ஆண்கள் ஒரு பக்கம், பிள்ளைகளை முதுகில் கட்டிய பெண்கள் ஒரு பக்கம். தலைவர் அப்தோன் மேசையில் தீர்மானப் புத்தகத்தை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். கவனக்குறைவு, தகாத மாத்திரை, ஓர் உயிர் பலி. ரொசியோ வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

லியோன்சியோ எழுந்தான். பேசத் தெரியாதவன், அன்று பேசினான்.

“என் பொண்டாட்டி எதையும் எதிர்த்துப் பேச மாட்டா. தின்னுன்னா தின்பா. அந்த நர்ஸ் தின்னுன்னா, இவ தின்னா, செத்தா. நாளைக்கு உங்க வீட்டுலயும் நடக்கும். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.”

ஆண்கள் வரிசையாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள், தெரியாதவர்கள் கட்டை விரலை மையில் ஒற்றினார்கள். பக்கம் நீலப் புள்ளிகளாக நிறைந்தது.

“செனோபியா, வாம்மா” என்றார் தலைவர். “சாட்சின்னு உன் பேரு இருக்கு.”

பிள்ளையைக் கசிமிராவிடம் கொடுத்துவிட்டு மேசைக்குப் போனாள். தலைவர் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அவள் விரலை நீட்டவில்லை. ரவிக்கைக்குள் கையை விட்டுப் பையை எடுத்து, புத்தகத்தின் மேலேயே வைத்தாள்.

“இது என்ன?”

“நெலிதாவோட மாத்திரை. இன்னைக்குத் துணி அலசும்போது கெடச்சுது. உள்மடிப்புல தைச்சு வச்சிருந்தா. அவ தின்னது அஞ்சே அஞ்சு. மிச்சம் பூரா இங்க இருக்கு.”



“ஏன் தின்னல?” என்றார் தலைவர்.

“நான் தின்னாதன்னு சொன்னேன். பிள்ளை பெருத்துடும், உனக்கும் என் கதிதான்னு சொன்னேன். நர்ஸ்கிட்ட பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவ குடுத்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணியாக்கல. அது இல்லாமத்தான் தண்ணியாச்சு.” அவள் தம்பியைப் பார்த்தாள். “லியோன்சியோ, உன் பொண்டாட்டியை நான்தான்டா கொன்னேன்.”

“அடிப்பாவி!” என்று பெண்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

லியோன்சியோ மேசைக்கு வந்தான். பையை எடுத்து, பட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். செனோபியாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

“அவ என்கிட்டயும் கேட்டா” என்றான் அவன். யாரிடம் சொல்கிறான் என்றே தெரியவில்லை. “அக்கா ஒண்ணு சொல்றாங்க, செய்யவா வேண்டாமான்னா. என்ன ஏதுன்னு நான் கேக்கல. அக்கா சொன்னா செய்ன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். தலையைத் தூக்கிக்கூடப் பாக்கல.”

சொல்லிவிட்டுத் தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டான். ரெண்டு பேர் வந்து கையைப் பிடித்தார்கள்.

அப்போதுதான் ரொசியோ உள்ளே வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இருந்தது. “நானும் விட்டுட்டேன். என் முன்னாடி ஒண்ணு தின்னுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். அதெல்லாம் அப்புறம் பேசலாம். லியோன்சியோ, உங்க பிள்ளை வெளுத்துப் போயிருக்கான். ஆம்புலன்ஸ் வர்ற நேரம். கையெழுத்துப் போடுங்க.”

அவன் பிள்ளை பக்கம் திரும்பினான். ஐந்து நாளில் அவன் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது அப்போதுதான். கசிமிரா துணியை விலக்கிக் காட்டினாள்.

“எங்க போடணும்?” என்றான்.

தலைவர்தான் தயங்கினார். “இந்தத் தீர்மானத்தை என்ன செய்யறது? இத்தனை பேர் கைநாட்டு வச்சாச்சு. புத்தகத்துல பக்கம் கிழிக்கக் கூடாது, அது சட்டம். ரத்து பண்ணணும்னா அடுத்த பக்கத்துல புதுசா எழுதணும். காரணத்தோட எழுதணும்.”

“எழுதுங்க” என்றாள் செனோபியா.

அவர் எழுதினார். மாத்திரையைத் தின்ன விடாமல் தடுத்தவர் இறந்தவரின் நாத்தனார் என்று, பெயரோடு, ஊர் அறிய. வாசித்துக் காட்டும்போது அவர் குரல் தாழ்ந்து போனது. செனோபியா கட்டை விரலை மையில் அழுத்தி அதன் கீழே ஒற்றினாள். அந்தப் பக்கத்தில் முதல் ரேகை அவளுடையது.

ஆம்புலன்ஸ் ரோட்டில் புழுதியோடு வந்து நின்றது. ரொசியோ முன்னால் ஏறினாள். பால் கொடுக்க வேண்டுமே என்று கசிமிரா தன் மகளையும் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். செனோபியா ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, பிள்ளை தலையை மூடி, தானும் படியில் கால் வைத்தாள்.

உள்ளே ஏறி உட்கார்ந்திருந்த லியோன்சியோ கையை நீட்டிக் குறுக்கே மறித்தான்.

“நீ வர வேண்டாம்.”

“ஓரமா உக்காந்துக்கிறேன்டா. வாயே தெறக்க மாட்டேன்.”

“வேண்டாம். நான் திரும்பி வரும்போது நீ என் வீட்டுல இருக்கக்கூடாது.”

அவன் சத்தம் போடவில்லை. கத்தியிருந்தால் அவள் கெஞ்சியிருப்பாள். இவ்வளவு மெதுவாகச் சொன்ன பிறகு கெஞ்சுவதற்கு இடமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. காலைப் படியிலிருந்து எடுத்தாள்.

“பொழைப்பானா நர்சம்மா?” என்று முன் ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

ரொசியோ பொய் சொல்லத் தெரியாத பெண். “தெரியலக்கா” என்றாள்.

கதவு மூடியது. வண்டி நகரத் தொடங்கியதும் செனோபியா கூடவே ரெண்டு அடி ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பிக்குக் கேட்க வேண்டுமே என்று கத்தினாள்.

“நான் இருக்க மாட்டேன்டா! சத்தியமா இருக்க மாட்டேன்! நீ அவனோட வந்துடு!”

லியோன்சியோ திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் நின்றிருந்த ஊர்ப் பெண்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவளை யாரும் வா என்று கூப்பிடவில்லை.